உள்ளே கறியும் சீஸும் வைத்த பிஸ்கட்: திருகோணமலைச் சூட்டில் சுடுவது எப்படி

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒருவர் கோழியும் மரக்கறியும் சீஸும் உள்ளே வைத்து மெதுவான பிஸ்கட் சுட்டுக் காட்டிவிட்டு, அளவுகளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதைப் பார்த்துத் தனியே செய்தபோது பட்டர் உருகி மா பிசுபிசுத்துப் போனது, சீஸ் வெளியே ஓடித் தட்டில் கருகியது, அடிப்பக்கம் களியாகவே இருந்தது. "அளவு பிழையா, ஓவன் பிழையா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டிலும் பிழையில்லை, தங்கச்சி. அந்த அளவுகள் குளிர்நாட்டுக் குசினியை நினைத்து எழுதியவை. வீட்டுக்குள் 20 பாகை செல்சியஸ் இருக்கும் இடத்தில் பட்டரை மேசையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் வேறு வேலை பார்த்தாலும் அது கட்டியாகத்தான் இருக்கும். இங்கே வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடுகிறது. பட்டர் உருகுவதோ 32க்கும் 35க்கும் இடையில். ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது அளவை அல்ல, வேலை செய்யும் ஒழுங்கை. உள்ளே வைக்கும் கறி முதல்நாளே வெந்து, வற்றி, நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மா குழைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் சொன்ன மூன்று கரைச்சலும் பெரும்பாலும் ஒன்றாகவே தீர்ந்துவிடும்.

வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: இது கடையில் பைக்கற்றில் வாங்கும் மொறுமொறு பிஸ்கட் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காலைச் சாப்பாட்டுக்குச் சுடுவது. ஈஸ்ட் போடுவதில்லை, பேக்கிங் பவுடர்தான் பொங்க வைக்கும். ஸ்கோனுக்குக் கிட்டிய பண்டம். வெளியே மெல்லிய பொருக்கு, உள்ளே மெது. எங்கள் மீன் பணிஸ் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதன் உள்ளே கறி வைப்பது புதிதாகத் தெரியாது. வேறுபாடு மாவில்தான் இருக்கிறது.

பட்டர் ஏன் குளிராக இருக்க வேண்டும் என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பட்டரில் ஏறத்தாழ 16 வீதம் தண்ணீர் இருக்கிறது. கட்டியாக இருக்கும் சின்னச் சின்ன பட்டர்த் துண்டுகள் மாவுக்குள் அப்படியே ஓவனுக்குப் போனால், அங்கே உருகி, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, மாவைத் தூக்கிப் பிரித்துவிடும். அந்த இடைவெளிதான் மெதுமையும் படலமும். குழைக்கும்போதே உருகிவிட்டால் கொழுப்பு மாவோடு கலந்து, ஆவி தூக்க இடமில்லாமல், கனத்த எண்ணெய்ப் பண்டமாகிவிடும். கையில் பிசுபிசுக்கிறதே என்று நீங்கள் மேலும் மா தூவியிருப்பீர்கள். அது இன்னும் இறுக்கிவிடும்.

அதனால் விடியற்காலையில் செய்யுங்கள். அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து அடுப்பெல்லாம் ஆறிய பிறகு. மாவையும், மா குழைக்கும் பாத்திரத்தையும், உருட்டும் கட்டையையும் அரைமணி நேரம் பிரீசரில் வையுங்கள். மாவைக் குளிர வைப்பதா என்று யோசிக்க வேண்டாம். 30 பாகையில் இருக்கும் 300 கிராம் மாவுக்குள் 100 கிராம் குளிர்ந்த பட்டரைப் போட்டால் யார் வெல்வார்கள் என்று பாருங்கள். பட்டரைக் கட்டியாக உறைய வைத்து, கரட் துருவும் துருவியில் துருவிப் போடுவதுதான் எங்கள் ஊருக்கு ஏற்ற முறை. விரலால் உதிர்க்கும் முறையில் கைச்சூடே பாதி பட்டரை உருக்கிவிடும்.

மாஜரீன் போடலாமா என்று கேட்பீர்கள். பாணில் பூசுவதற்கு டப்பாவில் வரும் மாஜரீன் வேண்டாம். அது அறை வெப்பத்திலேயே இளகி நிற்பது, அதில் தண்ணீரும் கூடுதல். பேக்கரிகளில் பற்றிஸ் மாவுக்கும் பேஸ்ட்ரிக்கும் போடும் கட்டி மாஜரீன் வேறு. அது பட்டரைவிடக் கூடிய வெப்பத்தில்தான் உருகும், அதனால்தான் பேக்கரிக்காரர் நடுமத்தியானத்திலும் பேஸ்ட்ரி தட்டுகிறார். ஆனால் வாய்ச்சூட்டிலும் அது சரியாக உருகாது, மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டி நிற்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. கடும் கோடையில் மட்டும் 70 கிராம் பட்டருக்கு 30 கிராம் அந்தக் கட்டி மாஜரீன் சேர்க்கலாம். மற்றக் காலத்தில் முழுக்கப் பட்டரே போடுங்கள்.

மா விஷயத்தில் நமக்குக் குறையில்லை. சீனக்குடாவில் பிரிமா ஆலை இருக்கும் ஊரில் கோதுமை மாவுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் நம் கடைகளில் வாங்கும் சாதாரண கோதுமை மா பாணுக்கும் ரொட்டிக்கும் இழுபட ஏற்றது. தென்மாநிலத்துக்காரர் பாவிப்பது 8, 9 வீதம் புரதமுள்ள மெதுகோதுமை மா. புரதம் கூடினால் பண்டம் இழுபடும், கடிக்கும்போது சவ்வு தட்டும். அதற்கு எளிய வழி, 270 கிராம் கோதுமை மாவோடு 30 கிராம் சோளமா கலந்து இரண்டு தரம் அரித்துக்கொள்வது. அங்காடியில் கோர்ன்பிளவர் என்று விற்கும் வெள்ளை மாதான், மஞ்சள் சோளமா அல்ல.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம், தயிர். மச்சாள் எழுதிய குறிப்பில் பட்டர்மில்க் இருந்திருக்கும். அது இங்கே சுலபத்தில் கிடைக்காது. பாலில் தேசிக்காய்ப்புளி விட்டுத் திரைத்துச் செய்வார்கள், அதுவும் வேலை செய்யும். ஆனால் கிண்ணியா, தம்பலகாமம் பக்கமிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது எதற்கு? எருமைப் பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் தயிர் இன்னும் இறுகிப்போகும். இந்தத் தயிரில் குழைத்த பிஸ்கட்டின் மெதுமையும் மெல்லிய புளிப்பும் பட்டர்மில்க்கில் செய்ததைவிட நன்றாக இருக்கும் என்பது என் தீர்மானமான எண்ணம். இரண்டு மூன்று நாள் பழகிப் புளித்த தயிர் இன்னும் நல்லது. அந்தப் புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்து வாயு எழுப்பும்.

அளவு இதோ, ஏறத்தாழ 12 பிஸ்கட்டுக்கு. மேலே சொன்ன 300 கிராம் மாக்கலவை, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, துருவிய உறைந்த பட்டர் 100 கிராம், தயிர் 150 கிராம், ஐஸ் தண்ணீர் 30 முதல் 50 மில்லிலீற்றர் வரை. உங்கள் பட்டர் உப்புப் போட்டதென்றால் உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறையுங்கள். கறியிலும் சீஸிலும் உப்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அப்பச்சோடாவைக் கூட்டிப் போட்டால் சவர்க்கார வாடை வரும், கண்ணளவு வேண்டாம்.

குழைப்பது என்று எழுதினாலும் உண்மையில் குழைக்கக் கூடாது. உலர்ந்தவற்றைக் கலந்து, பட்டரைப் போட்டு முள்ளுக்கரண்டியால் கிளறி, தயிரையும் கொஞ்சம் தண்ணீரையும் விட்டு, ஒன்றுசேரும் வரை மட்டும் திருப்புங்கள். அங்கங்கே உலர்ந்த மா தெரிந்தால் பரவாயில்லை. பலகையில் கொட்டித் தட்டி, ஒரு தரம் இரண்டாக மடித்து மறுபடி தட்டுங்கள். வெறும் பிஸ்கட் என்றால் நாலைந்து தரம் மடிக்கச் சொல்வேன், அப்போதுதான் படலம் படலமாக எழும்பும். உள்ளே கறி வைப்பதற்கு அது கூடாது. படலங்கள் பக்கவாட்டில் பிரியும்போது ஒட்டிய வாயும் திறந்துவிடும். தயிரும் அப்பச்சோடாவும் சேர்ந்த நிமிடமே வாயு வரத் தொடங்கும், சூட்டில் அது இன்னும் வேகம். ஆகவே இங்கிருந்து தொலைபேசியை எடுக்க வேண்டாம்.

கறிக்கு வருவோம். பண்டம் நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் இங்கேதான்.

உங்கள் பிஸ்கட்டின் அடி களியாக இருந்ததற்குக் காரணம் ஓவனாக இருக்கக் கொஞ்சம் இடமுண்டு, ஆனால் முக்கிய காரணம் கறியின் ஈரம். சோற்றுக்குச் செய்யும் பிரட்டல் கறிகூட இதற்குத் தண்ணி கூட. எலும்பில்லாத கோழி 250 கிராமைச் சுண்டுவிரல் நகத்தளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி மூன்று பல்லு, ஒரு துண்டு இஞ்சி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் கொஞ்ச எண்ணெயில் வதக்கி, கோழியைப் போட்டு, மூடாமல் பெரிய நெருப்பில் கிளறுங்கள். இறைச்சி முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முழுக்க வற்றி, எண்ணெயில் பொரியும் சத்தம் கேட்ட பிறகுதான் வறுத்த கறித்தூள் இரண்டு தேக்கரண்டியும் மிளகும் போட வேண்டும். பிறகு மெல்லிதாக அரிந்த லீக்ஸ் ஒரு கைப்பிடி, துருவிய கரட் ஒன்று. அவையும் வாடி வற்றியதும், அவித்து மசித்த ஒரு நடுத்தர உருளைக்கிழங்கைச் சேருங்கள். கிழங்கு மிச்ச ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரோல்ஸுக்கும் பற்றிஸுக்கும் நம்மவர்கள் கிழங்கு போடுவது செலவைக் குறைக்க மட்டும் அல்ல. தேங்காய்ப்பால் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். சூட்டில் அதன் எண்ணெய் பிரிந்து மாவுக்குள் ஊறிவிடும்.

போதுமா என்று பார்க்கச் சட்டியின் நடுவில் கரண்டியால் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்குள் ஒரு துளி ஈரமும் திரும்பி வரக் கூடாது. கொஞ்சத்தை உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். அப்புறம் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, பிரிட்ஜில் வையுங்கள். இதில் ஒரு கண்டிப்பு. சமைத்த இறைச்சியை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் கிருமி பெருகும். சாதாரணமாக இரண்டு மணி நேரம் என்பார்கள், வெளியே 32 பாகைக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரின் கோடைப் பகலுக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். சட்டியோடு மூடி மேசையில் விட்டுவிட்டுப் படுக்கப் போக வேண்டாம்.

மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி என்றால் கொத்தியதாக வாங்கி இதே விதமாகச் செய்யலாம். கொழுப்பு உருகி நின்றால் வடித்துவிடுங்கள். பச்சை இறைச்சியை உள்ளே வைத்துச் சுடலாம் என்று சிலர் சொல்வார்கள். சின்ன ஓவனில் மேல்மா சிவக்கும் நேரத்துக்குள் நடுவிலுள்ள கொத்திறைச்சி 71 பாகைக்கு வரும் என்று நம்ப முடியாது, கோழி என்றால் 74 வேண்டும். வேண்டாம்.

மரக்கறியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கோவாவும் காளானும் உப்புப் பட்டவுடன் தண்ணீர் விடும். அரிந்து உப்புத் தூவிக் கால்மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டு வதக்கினால் அடங்கும். தக்காளி எனக்கு இதில் தேவையே இல்லை. புளிப்பு வேண்டுமென்றால் தேசிக்காய் இருக்கிறது. கத்தரிக்காயைச் சின்னதாக வெட்டிப் பொரித்து எண்ணெயை வடித்துப் போடலாம். முருங்கையிலை அருமையானது, தண்ணீர் விடாதது, சீஸின் உப்போடு அதன் மெல்லிய கசப்பு நன்றாகச் சேரும். ஆனால் என் தெரிவு கறிமிளகாய். விதை எடுத்து வட்டமாக அரிந்து வெங்காயத்தோடு நன்றாக வதக்கி, கிழங்கும் லீக்ஸும் சேர்த்து, நடுவில் சீஸ் வைத்தால், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வீட்டில் கோழியை யாரும் தேட மாட்டார்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு மீனைச் சொல்லாமல் விட முடியாது. சூரை மீனை அவித்து, முள்ளெடுத்து உதிர்த்து, மிளகும் வெங்காயமும் போட்டு உலர வறுத்தால் இந்தப் பிஸ்கட்டுக்கு நன்றாகப் பொருந்தும். சீஸை மட்டும் குறையுங்கள். இறால் தண்ணீர் விடும், இரண்டாம் தரம் சூடானால் இறப்பராகும். அதை வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீஸ் ஓடிக் கருகியதற்கு இரண்டு காரணம். ஒன்று, துருவிய சீஸைக் கறியோடு கலந்து ஓரம் வரை வைத்திருப்பீர்கள். மற்றது, எந்த சீஸ் என்பது. செடார் போன்றவை சூட்டில் இளகி ஓடும், கூடச் சூடானால் எண்ணெய் பிரிந்து நிற்கும். வட்டப் பெட்டியில் முக்கோணமாகவோ சதுரக் கட்டியாகவோ வரும் பதப்படுத்திய சீஸில் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது இளகும், ஆனால் அவ்வளவாக ஓடாது. ருசி செடாரில் கூட, அடக்கம் பதப்படுத்தியதில் கூட. ஆகவே இரண்டையும் பாவியுங்கள். துருவிய செடார் 40 கிராம் மாவுக்குள் பட்டரோடு சேரட்டும், அது பொருக்கில் சிவந்து மணக்கும். உள்ளே வைப்பதற்குப் பதப்படுத்திய சீஸைத் தாயக்கட்டை அளவு துண்டுகளாக்கிப் பிரீசரில் வைத்து, கறியின் நடுவில் புதைத்து வையுங்கள். வெளியே மா வெந்து இறுகும் வரை உள்ளே சீஸ் இளகாமல் காத்திருக்கும். மொசரெல்லா இழுபடும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. போடலாம், ஆனால் தண்ணீரில் மிதந்து வரும் வகையை அல்ல.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் திரைக்கப் பாவிக்கும் ரெனட் சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது, சிலவற்றில் நுண்ணுயிரிலிருந்து பெற்றது. லேபிளைப் பாருங்கள். நோன்பு திறக்க அயல்வீட்டுக்குக் கொடுப்பதென்றால் இறைச்சியோடு சீஸுக்கும் ஹலால் முத்திரை பாருங்கள்.

இனி மூடுவது. மாவை 50 கிராம் உருண்டைகளாக்கி, உள்ளங்கையளவு தட்டுங்கள். நடு கொஞ்சம் தடிப்பாக, ஓரம் மெல்லிதாக. நடுவில் 30 கிராம் குளிர்ந்த கறி, அதற்குள் சீஸ். ஆசைப்பட்டுக் கூட வைத்தால் வாய் திறக்கும். ஓரத்தில் எண்ணெயோ உலர்ந்த மாவோ பட்டால் ஒட்டாது. விரலைத் தண்ணீரில் தொட்டு ஓரத்தில் தடவி, சுற்றிவரக் கூட்டிப் பிடித்துக் கிள்ளி, கிள்ளிய பக்கம் கீழே வர வையுங்கள். அதன் பாரமே வாயை அமத்தி வைக்கும். மேலே கத்திமுனையால் ஒரு சின்னக் கீறல், ஆவி போவதற்கு. அது இல்லாவிட்டால் ஆவி தனக்குத் தோன்றிய இடத்தால் போகும். எல்லாவற்றையும் தட்டோடு கால்மணி நேரம் பிரீசரில் வைத்துவிடுங்கள். இவை பிரீசருக்குப் போகும் முன்னமே ஓவனைப் போட்டுவிடுங்கள்.

மேசை ஓவன்களில் விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். காற்றுத்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் அல்ல. கதவைத் திறந்ததும் அந்தச் சூடு போய்விடும். 220 பாகையில் 20 நிமிடமாவது விடுங்கள். வெறும் தட்டு ஒன்றையோ, கைப்பிடியில்லாத பழைய இரும்புத் தோசைக்கல்லையோ கீழ்த்தட்டில் வைத்துச் சூடாக்கி, பிஸ்கட் தட்டை அதன்மேல் நேராக வைத்தால் அடிப்பக்கம் உடனே வேகத் தொடங்கும். உங்கள் களிக்கு இது இரண்டாவது மருந்து. மேலே முட்டை மஞ்சட்கருவில் கொஞ்சம் பால் கலந்து தடவுங்கள். முட்டை சேர்க்காதவர்களுக்குப் பால் போதும், நிறம் கொஞ்சம் மங்கலாக வரும். முதல் 10 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. பிறகு 200 பாகைக்குக் குறைத்து இன்னும் 8 முதல் 12 நிமிடம். ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள், அது பொன்னிறமாக இருந்தால்தான் எடுக்க வேண்டும். மேல்நிறத்தை நம்ப வேண்டாம். மேல் சிவந்து அடி வெளுத்திருந்தால் மேலே ஒரு அலுமினியத் தாளைப் போர்த்திவிட்டுத் தொடருங்கள்.

எடுத்ததும் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். சூடான தட்டிலேயே விட்டால் அடியில் வியர்த்து மறுபடி ஈரமாகும். உடனே கடித்தால் சீஸ் நாக்கைச் சுடும், பிள்ளைகளுக்குக் கொடுக்கமுன் 10 நிமிடம் பொறுங்கள்.

விருந்தாளிகள் வரும் நாளுக்குச் செய்வதென்றால், மூடிய பிஸ்கட்டை அப்படியே கட்டியாக உறைய வைத்துப் பைகளில் கட்டி வைக்கலாம். பேக்கிங் பவுடரின் ஒரு பங்கு சூட்டில்தான் வேலை செய்யும் என்பதால் எழும்பும் சக்தி மிஞ்சியிருக்கும். உறைந்தபடியே 200 பாகையில் வையுங்கள், வழக்கத்தைவிட ஐந்தாறு நிமிடம் கூடுதலாக எடுக்கும். இளக விட்டு வைத்தால் மா ஈரமாகும். நீண்ட நேரம் மின்சாரம் போய் உள்ளே இளகிவிட்டிருந்தால், இன்னும் குளிராக இருக்கும்போதே சுட்டுவிடுங்கள். சூடேறி நின்றிருந்தால் எறிந்துவிடுங்கள்.

சுட்டு மிஞ்சியது பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் நிற்கும். மாரிகாலத்தில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் பொருக்கு சவுத்துவிடும். சாப்பிடும் நேரம் 160 பாகையில் எட்டு முதல் பத்து நிமிடம் ஓவனில் வையுங்கள், மைக்ரோவேவில் வேண்டாம்.